வைட்டமின் கே: ஊசியிலும் கீரையிலும் மாத்திரைப் பட்டையிலும்

பிறந்த குழந்தைக்கு மருத்துவமனையில் என்னென்ன ஊசி போட்டார்கள் என்று கேட்டால், பிசிஜி, ஹெப்பாடைட்டிஸ் பி, போலியோ சொட்டு மருந்து என்று நம் ஊர்ப் பெற்றோர் வரிசையாகச் சொல்லிவிடுவார்கள். பிறந்த சில மணி நேரத்துக்குள், தொடையின் முன்பக்க வெளிப்பகுதியில் போடப்படும் இன்னொரு ஊசி அந்த வரிசையில் பெரும்பாலும் வராது. அது தடுப்பூசி அல்ல, 1 மில்லிகிராம் வைட்டமின் கே. எடை 1,000 கிராமுக்கும் குறைவான குழந்தைக்கு அதில் பாதி. ஒரே ஒரு முறை போட்டால் போதும். விலையும் மிகக் குறைவு. ஆனால் நவீன மருத்துவம் கைவசம் வைத்திருக்கும் மிக உறுதியான பாதுகாப்புகளில் இதுவும் ஒன்று என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இதைப் பற்றி எழுத எனக்குச் சொந்தக் காரணம் உண்டு. சிறு வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் என் அக்காவின் இதய வால்வு பழுதாகி, அதற்குப் பதிலாகச் செயற்கை வால்வு பொருத்தப்பட்டது. அன்று முதல் வைட்டமின் கே-யின் வேலையைத் தடுக்கும் மாத்திரை ஒன்றை அவர் தினமும் உட்கொள்கிறார். குழந்தைக்கு எதைக் கொடுத்துக் காப்பாற்றுகிறோமோ, அதையே என் அக்காவின் உடலில் அளவோடு முடக்கி அவரைக் காப்பாற்றுகிறார்கள். இதற்கிடையே எலும்புக்கும் இரத்தக் குழாய்க்கும் நல்லது என்ற பெயரில், கால்சியத்தோடும் வைட்டமின் டி-யோடும் சேர்ந்து, கே2 என்னும் வடிவம் மருந்துக்கடை மாத்திரைப் பட்டைகளில் இடம்பிடித்துவிட்டது. இந்த மூன்றும் ஒரே வைட்டமினைச் சுற்றி நடப்பவைதாம். ஆனால் மூன்றுக்கும் பின்னால் இருக்கும் ஆதாரத்தின் எடை ஒன்றல்ல. முதல் இரண்டும் பல பத்தாண்டுகளில் ஈட்டிய நம்பகத்தன்மையை மூன்றாவதற்கு இரவல் கொடுத்துவிடக் கூடாது என்பதே நான் சொல்ல வருவது.

இந்த வைட்டமினின் கதை கோழிக்குஞ்சுகளில் தொடங்குகிறது. 1929 வாக்கில் டென்மார்க்கின் கோபன்ஹேகனில் ஹென்ரிக் டாம் என்பவர், கோழிக்குஞ்சு தன் உடலிலேயே கொலஸ்டிராலை உருவாக்கிக்கொள்கிறதா என்று அறிய, கொழுப்பு நீக்கிய தீனியைக் கொடுத்து வளர்த்தார். சில வாரங்களில் குஞ்சுகளின் தோலுக்கடியிலும் தசையிலும் இரத்தக் கசிவு தோன்றியது. எடுத்த இரத்தம் உறையவும் தாமதமானது. வைட்டமின் சி கொடுத்துப் பார்த்தும் பயனில்லை. பச்சை இலைகளிலும் பன்றியின் ஈரலிலும் இருந்த, கொழுப்பில் கரையும் ஏதோ ஒரு பொருள்தான் அவற்றைக் குணப்படுத்தியது. இரத்தம் உறைதலைக் குறிக்கும் ‘கோயகுலேஷன்’ என்ற சொல் டேனிஷ், ஜெர்மன் மொழிகளில் ‘கே’ எழுத்தில் தொடங்குவதால், 1935இல் அப்பொருளுக்கு வைட்டமின் கே என்று டாம் பெயரிட்டார். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் எட்வர்ட் டாய்சியின் குழு 1939இல் குதிரைமசால் என்ற தீவனப்பயிரிலிருந்து கே1 வடிவத்தையும், அழுகவிட்ட மீன்தூளிலிருந்து கே2 வடிவத்தையும் பிரித்தெடுத்தது. இருவரும் 1943ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். இலை தருவது கே1, நுண்ணுயிரி தருவது கே2 என்ற பிரிவு அந்த மீன்தூளிலேயே தெரிந்துவிட்டது.

இது உடலில் செய்யும் வேலையைத் துல்லியமாகக் கண்டறிய மேலும் முப்பத்தைந்து ஆண்டுகள் ஆயின. காயம் பட்டால் இரத்தம் உறைய உதவும் புரதங்களில் இரண்டாம், ஏழாம், ஒன்பதாம், பத்தாம் காரணிகள் கல்லீரலில் உருவாகின்றன. உருவானவுடன் அவை வேலைக்குத் தயாராக இருப்பதில்லை. அவற்றிலுள்ள குளூட்டாமிக் அமிலம் என்ற அமினோ அமிலக் கண்ணிகள் சிலவற்றில் கூடுதலாகக் கார்பாக்சில் என்ற சிறு அணுத்தொகுதி ஒன்று ஒட்டப்பட வேண்டும். ஒட்டப்பட்டதும் அந்த இடம் நண்டின் கொடுக்குபோல இருபுறமும் அணைத்துக் கால்சியத்தைப் பிடித்துக்கொள்கிறது. கால்சியத்தைப் பிடித்தால்தான் அப்புரதம் காயம்பட்ட இடத்தில் திரண்டுள்ள இரத்தத் தட்டணுக்களின் மேற்பரப்பில் போய் அமரும். அந்த ஒட்டும் வேலையைச் செய்யும் நொதிக்கு வைட்டமின் கே இல்லாமல் கை ஓடாது. வைட்டமின் இல்லாதபோதும் கல்லீரல் புரதத்தை உற்பத்தி செய்துகொண்டேதான் இருக்கிறது. ஆனால் வெளிவருவது கால்சியத்தைப் பிடிக்கத் தெரியாத, உபயோகமற்ற புரதம். 1974இல் சுவீடனிலும் அமெரிக்காவிலும் இயங்கிய குழுக்கள் இந்த மாறுதலைத் தனித்தனியே கண்டுபிடித்தன.

அந்த ஒரு வினையில் வைட்டமின் கே தானும் ஆக்சிஜனேற்றமடைந்து செயலிழக்கிறது. வேறொரு நொதி அதை மீண்டும் செயல்படும் வடிவத்துக்குக் கொண்டுவருகிறது. இப்படி ஒரே மூலக்கூறு திரும்பத் திரும்பப் பயன்படுவதால்தான் ஒரு நாளைக்குச் சில பத்து மைக்ரோகிராம்களே நமக்குப் போதுமானதாகின்றன. என் அக்காவின் மாத்திரை குறிவைப்பது இந்த மீட்பு நொதியைத்தான்.

இனி அந்தக் குழந்தையிடம் வருகிறேன். தாயின் இரத்தத்திலிருந்து நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தைக்குப் போகும் வைட்டமின் கே மிகச் சொற்பம். பிறக்கும்போது குடலில் அதைத் தயாரிக்கும் பாக்டீரியாக்களும் குடியேறியிருப்பதில்லை. தாய்ப்பாலில் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 1 முதல் 4 மைக்ரோகிராம்தான் உண்டு. தாய்ப்பாலுக்கு நிகரான உணவு குழந்தைக்கு வேறில்லை என்பதை இது எந்த வகையிலும் மாற்றாது. இந்த ஒரு குறையை ஓர் ஊசி தீர்த்துவிடுகிறது, அவ்வளவுதான். போஸ்டனைச் சேர்ந்த சார்ல்ஸ் டவுன்சென்ட் என்ற மருத்துவர், பிறந்த சில நாட்களில் இரத்தம் கசிந்த ஐம்பது குழந்தைகளைப் பற்றி 1894இலேயே எழுதினார். அது எதனால் என்பது அன்று யாருக்கும் புலப்படவில்லை.

இந்த இரத்தக்கசிவு மூன்று பருவங்களில் வருகிறது. பிறந்த 24 மணி நேரத்துக்குள் வருவது பெரும்பாலும் தாய் உட்கொண்ட மருந்துகளோடு தொடர்புடையது: வலிப்புக்கான ஃபெனிட்டாயின், ஃபீனோபார்பிட்டால், காசநோய்க்கான ரிஃபாம்பிசின், ஐசோநயாசிட் போன்றவை. கர்ப்பிணி ஒருவர் இவற்றை எடுத்துக்கொண்டிருந்தால், பிரசவத்துக்குப் போகும் மருத்துவமனையில் அதை மறக்காமல் தெரிவிக்க வேண்டும். மருந்தைத் தாமாக நிறுத்திவிடவும் கூடாது. முதல் வாரத்தில் வருவது தொப்புளிலும் மலத்திலும் இரத்தமாகத் தெரியும். மூன்றாவது வகைதான் அச்சமூட்டுவது. இரண்டாம் வாரத்துக்கும் ஆறாம் மாதத்துக்கும் இடையில், தாய்ப்பால் மட்டுமே குடித்து நன்றாக வளர்ந்துவரும் குழந்தைக்கு, ஊசி போடப்படாத நிலையில், முன்னறிவிப்பின்றி மூளைக்குள் இரத்தம் கசிகிறது. ஊசி இல்லாத இடங்களில் இது ஒரு லட்சம் குழந்தைகளில் 4 முதல் 7 பேருக்கு வரும் என்று கணக்கிடப்பட்டிருக்கிறது. எண்ணிக்கை சிறியதுதான். ஆனால் வந்த குழந்தைகளில் பாதிப்பேருக்கு மேல் மூளையில்தான் கசிகிறது. உயிர் பிழைத்தாலும் வாழ்நாள் முழுவதும் ஊனம் நிற்கலாம்.

சில சமயம் உடல் முன்கூட்டியே சைகை காட்டும். மூக்கிலோ தொப்புளிலோ சில துளி இரத்தம், காரணமில்லாத கன்றிப்போன தடம் ஆகியவை அவற்றில் சில. பிறந்து இரண்டு வாரம் கடந்தும் மஞ்சள் காமாலை தெளியாமல், மலம் வெளிறிச் சுண்ணாம்பு நிறத்தில் போனால், அது பித்தக்குழாய் அடைபட்டிருப்பதன் அடையாளமாக இருக்கலாம். பித்தநீர் குடலுக்கு வராவிட்டால், கொழுப்பில் கரையும் இந்த வைட்டமினைக் குடல் உறிஞ்சாது. வாய்வழிச் சொட்டு மருந்தாகவே கொடுத்துவிடலாமே என்ற கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. நெதர்லாந்தில் தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளுக்குத் தினமும் 25 மைக்ரோகிராம் வாய்வழியாகக் கொடுத்து வந்தார்கள். பித்தக்குழாய் அடைப்புள்ள குழந்தைகளை அது காப்பாற்றவில்லை என்று தெரிந்ததும், 2011இல் அளவை 150 ஆக உயர்த்தினார்கள். அதுவும் அக்குழந்தைகளுக்குப் போதவில்லை. தசையில் போடும் ஊசி பித்தநீரை நம்பியிருப்பதில்லை. போட்ட இடத்திலிருந்து மெல்ல மெல்லக் கசிந்து வாரக்கணக்கில் துணை நிற்கிறது.

ஊசியை மறுக்கும் பெற்றோர் மீது எனக்குக் கோபம் வருவதில்லை. அவர்களுடைய அச்சத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1950களில் மெனடியோன் என்னும் செயற்கை வடிவத்தைக் குறைமாதக் குழந்தைகளுக்கு மிகப் பெரிய அளவில் கொடுத்தார்கள். சிவப்பணுக்கள் சிதைந்து காமாலை முற்றி மூளை பாதிக்கப்பட்டது. மருத்துவம் செய்த தீங்குதான் அது. அதன் பிறகே அந்த வடிவம் கைவிடப்பட்டுக் கே1 அதன் இடத்துக்கு வந்தது. 1961இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் எல்லாப் பச்சிளங் குழந்தைகளுக்கும் கே1 கொடுக்கப் பரிந்துரைத்தது. 1990லும் 1992லும் இங்கிலாந்தின் பிரிஸ்டலைச் சேர்ந்த ஜீன் கோல்டிங் குழுவினர், ஊசிக்கும் குழந்தைப்பருவப் புற்றுநோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்று எழுதினார்கள். நியாயமான ஐயம் என்பதால் பல நாடுகள் அதைச் சோதித்தன. சுவீடனில் 13 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் பதிவேடுகளை அலசியதிலும், பின்னர் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததிலும் அத்தகைய தொடர்பு தென்படவில்லை. ஆனால் முதல் செய்தி போன வேகத்தில் மறுப்பு போய்ச் சேரவில்லை. 2013இல் அமெரிக்காவின் நாஷ்வில் நகரில், பெற்றோர் ஊசி வேண்டாமென்றதால் சில மாதங்களுக்குள் நான்கு குழந்தைகள் இந்த இரத்தக்கசிவோடு மருத்துவமனைக்கு வந்தார்கள். தாய்மார்களின் கையிலுள்ள அட்டையில் இந்த ஊசிக்கும் தனி வரி ஒதுக்கி, எதற்காகப் போட்டோம் என்று ஒரு வாக்கியத்தில் செவிலியர் சொல்லும் வழக்கம் எல்லா இடத்திலும் வந்தால், மறுப்புக்கே பெரும்பாலும் இடமிருக்காது என்று நம்புகிறேன்.

பெரியவர்களுக்கு உணவினால் மட்டும் வைட்டமின் கே குறைவது அரிது. முருங்கை, அரை, சிறு, பொன்னாங்கண்ணி என்று நம் சந்தைகளில் கிடைக்கும் எந்தக் கீரையிலும் கே1 தாராளமாக இருக்கிறது. எண்ணெய் சேர்த்துக் கடைந்தோ பொரித்தோ உண்ணும்போது அது இன்னும் நன்றாக உறிஞ்சப்படுகிறது. குறைபாடு வருவதெல்லாம் உறிஞ்சும் வழி கெடும்போதுதான்: பித்தக்குழாயில் கல்லடைப்பு, நாள்பட்ட கணைய அழற்சி, வாரக்கணக்கில் வாயால் உண்ணாமல் ஆன்ட்டிபயாட்டிக் மட்டும் ஏறிக்கொண்டிருக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவு. நம் மருத்துவமனைகளில் மிகுதியாகப் புழங்கும் செஃபோபெரசோன் என்ற ஆன்ட்டிபயாட்டிக், மீட்பு நொதியை நேரடியாகவே தடுக்கக்கூடியது. காமாலை நோயாளிக்கு இரத்தம் உறையவில்லை என்றால் வைட்டமின் கே ஊசி போட்டுப் பார்ப்பார்கள். சில மணி நேரத்தில் சரியானால் கோளாறு உறிஞ்சுவதில் இருக்கிறது. சரியாகவில்லை என்றால் புரதத்தை உருவாக்கும் கல்லீரலே நலிந்துவிட்டது என்று பொருள்.

எதிர்த்திசைக் கதை மாடுகளோடு தொடங்குகிறது. 1920களில் கனடாவிலும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் கொம்பு நறுக்கிய மாடுகளும் காயடித்த காளைகளும் இரத்தம் நிற்காமல் மடிந்தன. ஈரத்தில் பூஞ்சை பிடித்த ஸ்வீட் குளோவர் என்ற தீவனப்பயிரே காரணம் என்று ஃபிராங்க் ஸ்கோஃபீல்ட் என்ற கால்நடை நோயியலாளர் காட்டினார். வேறு தீவனம் வாங்க முடியாத பஞ்ச காலத்தில், 1933 பிப்ரவரியில் ஒரு பனிப்புயல் நாளில், விஸ்கான்சினைச் சேர்ந்த எட் கார்ல்சன் என்ற விவசாயி செத்த கிடாரி ஒன்றையும், பால் கேன் நிறைய உறையாத இரத்தத்தையும், கெட்டுப்போன வைக்கோலையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு மாடிசன் நகரத்துக்கு வந்தார். அவர் கதவைத் தட்டியது கார்ல் பால் லிங்க் என்ற வேதியியலாளரின் ஆய்வகத்தில். அன்று லிங்க்கால் அவருக்கு எந்த மருந்தும் தர முடியவில்லை. அந்தத் தீவனத்திலிருந்து டைக்கூமரால் என்ற பொருளைப் படிகமாகப் பிரித்தெடுக்க 1939 ஆகிவிட்டது. அதன் வழித்தோன்றலான வார்ஃபரின் 1948இல் எலிமருந்தாகச் சந்தைக்கு வந்தது. 1951இல் அதை உட்கொண்டு தற்கொலைக்கு முயன்ற ஓர் இராணுவ வீரர் வைட்டமின் கே கொடுத்துப் பிழைத்ததைக் கண்ட பிறகு, மனிதருக்கும் இதை அளவோடு கொடுக்கலாம் என்ற துணிவு வந்தது. 1954இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. மறு ஆண்டே, மாரடைப்பு கண்ட அதிபர் ஐசன்ஹோவருக்கு அது கொடுக்கப்பட்டது.

என் அக்கா எடுத்துக்கொள்வது அதே குடும்பத்தைச் சேர்ந்த அசினோகூமரால். அவருடைய வால்வு, திருவனந்தபுரத்தின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் உருவாக்கிய சாய்தட்டு வால்வு. 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்ட அது, வெளிநாட்டு வால்வை வாங்க வழியில்லாத எத்தனையோ குடும்பங்களுக்கு வாழ்வு கொடுத்தது. வால்வு எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதன்மேல் இரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்வது மாத்திரையின் வேலை. வாழைப்பழ நிற அட்டை போட்ட நாற்பது பக்க நோட்டு ஒன்றில் அக்கா தேதி, ஐ.என்.ஆர். எண், அன்றைய மாத்திரை அளவு என்று மூன்று பத்திகள் கோடு போட்டு எழுதி வருகிறார். இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தை உலகெங்கும் ஒரே அளவுகோலில் சொல்லும் எண் அது. சாதாரணமாக 1, இதயத்தின் இடப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள மைட்ரல் வால்வை மாற்றியவருக்கு 2.5க்கும் 3.5க்கும் இடையில் நிற்க வேண்டும். குறைந்தால் வால்வில் கட்டி உறைந்து பக்கவாதம் வரலாம். கூடினால் இரத்தம் கசியலாம்.

தொடக்கத்தில் கீரையையே தொடக்கூடாது என்று யாரோ சொல்லிவிட்டதால், அக்கா பல மாதங்கள் கீரை, முட்டைக்கோஸ், கொத்தமல்லித் துவையல் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டிருந்தார். விருந்து வீட்டில் ஒரு நாள் கூட்டு சாப்பிட்டால் எண் சரிந்தது; மறு வாரம் ஏறியது. பிறகு வந்த மருத்துவர்தான், “கீரையை விட வேண்டாம்மா. வாரத்துக்கு எத்தனை நாள், எவ்வளவு என்று ஒரு கணக்கு வைத்து, அதை மாற்றாமல் சாப்பிடுங்கள். அதற்கு ஏற்றபடி மாத்திரையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்றார். செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் ஒரு கரண்டி கீரை என்று வைத்த பிறகு நோட்டிலிருந்த எண்களின் ஏற்ற இறக்கம் கண்கூடாகக் குறைந்தது. உடலில் இருப்பு மிகக் குறைவாக இருக்கும்போது சிறு மாற்றமும் பெரிதாகத் தெரியும் என்பதே இதன் காரணம். காய்ச்சலுக்கென்று மெட்ரோனிடசோல், கோட்ரைமாக்சசோல் போன்ற மருந்துகளை மருத்துவரிடம் சொல்லாமல் வாங்கிப் போடுவதுதான் கீரையைவிடப் பன்மடங்கு ஆபத்து. இன்றைய புதிய உறைதடுப்பு மாத்திரைகள் இருக்கின்றனவே என்று கேட்பவர்களுக்கு ஒரு சொல்: செயற்கை வால்வுக்கு அவற்றில் ஒன்றான டாபிகேட்ரானைச் சோதித்த ஆய்வு, தீங்கு தென்பட்டதால் நிறுத்தப்பட்டு 2013இல் வெளியானது. ருமாட்டிக் இதயநோயோடு இதயத்துடிப்பு சீர்குலைந்த 4,500க்கும் மேற்பட்டோரிடம் நடந்து 2022இல் வெளியான ஆய்விலும் பழைய மாத்திரையே மேம்பட்டு நின்றது. ஆனால் கருவுற விரும்பும் இளம் பெண்கள் மட்டும் முன்கூட்டியே மருத்துவரைக் காண வேண்டும். கருவின் ஆறு முதல் பன்னிரண்டாம் வாரத்தில் இந்த மாத்திரை குழந்தையின் மூக்கெலும்பு வளர்ச்சியைக் குலைக்கக்கூடும்.

மூக்கெலும்பு ஏன் குலைய வேண்டும்? வைட்டமின் கே-யின் வேலை இரத்தம் உறைவதோடு நிற்கவில்லை என்பதற்கு அதுவே ஒரு தடயம். கால்சியத்தைப் பிடிக்கும் அதே மாறுதல் எலும்பிலுள்ள ஆஸ்டியோகால்சின் என்ற புரதத்திலும், குருத்தெலும்பிலும் தமனிச் சுவரிலும் இருக்கும் மேட்ரிக்ஸ் ஜிஎல்ஏ புரதத்திலும் நடக்கிறது. இரண்டாவது புரதத்தின் மரபணுவை நீக்கிய எலிகளின் தமனிகள் சுண்ணாம்பேறி, அவை இரண்டு மாதத்துக்குள் இறந்தன என்று 1997இல் வெளிவந்த ஆய்வு இந்தத் துறையையே உலுக்கியது. தமனியில் கால்சியம் படியாமல் உடல் முனைந்து காவல் காக்கிறது, அந்தக் காவலுக்கு வைட்டமின் கே தேவை என்பது அழகான, உண்மையான உயிரியல். 2004இல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில், பாலாடைக்கட்டி போன்றவற்றிலிருந்து கே2 அதிகம் பெறுவோரிடம் இதயநோய் குறைவாக இருப்பதும் காணப்பட்டது.

ஆனால் அங்கிருந்து மாத்திரைக்குத் தாவும் பாலம் இன்னும் கட்டி முடிக்கப்படவில்லை. பாலாடைக்கட்டி உண்பவருக்கும் உண்ணாதவருக்கும் இடையில் வேறு நூறு வேற்றுமைகள் இருக்கும். டென்மார்க்கில் இதயத்தின் பெருந்தமனி வால்வில் சுண்ணாம்பேறிய 365 ஆண்களுக்கு இரண்டு ஆண்டுகள் கே2-உம் வைட்டமின் டி-யும் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2022இல் வெளியானது. சுண்ணாம்பேற்றத்தின் வேகம் குறையவில்லை. ஜப்பானில் எலும்புத் தேய்வுக்குக் கே2-இன் ஒரு வடிவத்தை நாளொன்றுக்கு 45 மில்லிகிராம் கொடுக்கிறார்கள். உணவில் கிடைப்பதைவிட நூற்றுக்கணக்கான மடங்கு அது. அங்கேயே 4,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடத்திய பெரிய ஆய்வில் முதுகெலும்பு முறிவு ஒட்டுமொத்தமாகக் குறையவில்லை. நம் மருந்துக்கடை மாத்திரைகளில் இருப்பதோ மைக்ரோகிராம் கணக்கில். இன்னும் நடந்துவரும் ஆய்வுகள் நல்ல செய்தி சொன்னால் நானும் மகிழ்வேன். அதுவரை, மூட்டுவலிக்கு வரும் முதியவரிடம் மாதாமாதம் சில நூறு ரூபாய்க்கு இதை இதயத்தைக் காக்கும் மாத்திரை என்று விற்பது எனக்கு ஒப்பவில்லை. அந்தப் பணத்துக்கு வாரம் முழுதும் முருங்கைக்கீரையும் முட்டையும் வாங்கலாம்.

உறைதடுப்பு மாத்திரை எடுப்பவர்களுக்கு இது வெறும் பணப் பிரச்சினையும் அல்ல. புளித்த சோயாவிலிருந்து கிடைக்கும் எம்கே-7 என்ற வடிவம் இரத்தத்தில் நாட்கணக்கில் தங்குவதால், மிகச் சிறிய அளவிலேயே ஐ.என்.ஆரைக் கீழே இழுத்துவிடும். முழங்கால் வலிக்காக என்று அக்காவிடம் ஒருவர் நீட்டிய கால்சியம் மாத்திரையின் பின்புறத்தைத் திருப்பிப் பார்த்தபோது, பொடி எழுத்தில் ‘வைட்டமின் கே2-7’ என்று இருந்தது; அதே எம்கே-7தான் அது. இவற்றின் முன்புறத்தில் பெரும்பாலும் கால்சியம் என்றுதான் பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். செயற்கை வால்வு உள்ளவர்கள், அசினோகூமராலோ வார்ஃபரினோ எடுப்பவர்கள், எந்தச் சத்து மாத்திரையை வாங்கினாலும் பட்டையின் பின்புறத்தில் உள்ள சேர்மானப் பட்டியலை முழுதாகப் படித்து, அல்லது படிக்கத் தெரிந்தவரிடம் காட்டி, ‘கே’ என்ற எழுத்து இருந்தால் தங்கள் மருத்துவரிடம் கேட்காமல் ஒன்றைக்கூட விழுங்க வேண்டாம்.